வைத்தியம் வந்த வழி – 17: மானம் காக்க வந்த சஞ்சிகை

சென்ற அத்தியாயத்தில் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தைப் பார்த்தோம். தோட்டங்களில் டிஸ்பென்சரி வேரூன்றிய கதை அது. மருந்துப் போத்தலும் கொய்னாவும் புண்ணுக்குக் கட்டும் கிடைத்தன. கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்பு வலிக்கும் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அதற்கு லயத்திலேயே ஆள் இருந்தார்: சுளுக்கு எடுக்கத் தெரிந்த ஓர் அம்மாயி, கைப்பிடி எண்ணெய், இஸ்தோப்பில் விரித்த ஒரு சாக்கு.

அதைப் படித்த டயகமப் பக்கத்துத் தம்பி ஒருவர், பிசியோதெரபி பட்டப்படிப்பு மாணவர், கேட்டு எழுதியிருந்தார். "எங்களைப் பரீட்சைக்கு வாசிக்கச் சொல்கிற ஜேர்னல்களை யார் தொடங்கினார்கள் ஐயா? எதற்காகத் தொடங்கினார்கள்?" வைத்திய சஞ்சிகை என்றால் ஆராய்ச்சிக்காகத்தான் தொடங்கியிருப்பார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தத் தொழிலின் மிகப் பழைய சஞ்சிகைகளில் ஒன்று பிறந்த காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு அக்கரப்பத்தனையை விட்டு லண்டனுக்குப் போகவேண்டும்.

1894. மலைநாட்டு ரயில் பாதை பண்டாரவளையை எட்டிய வருஷம். நான்கு வருஷத்துக்கு முன்புதான் லிப்டன் இங்கே வந்து தம்பேதென்னவை வாங்கியிருந்தார். கூடையைத் தலையில் மாட்டிய தமிழ்ப் பெண்ணின் படம் லிப்டன் விளம்பரங்களில் ஏறி, பிரித்தானியக் குடும்பங்களின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அந்த ஜூலையில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் ஒரு குண்டைப் போட்டது. லண்டனில் 'மசாஜ்' என்று பலகை மாட்டிய நிலையங்கள் பல உண்மையில் விபசார விடுதிகள் என்று எழுதியது. அப்போது அதன் ஆசிரியர் ஏர்னஸ்ட் ஹார்ட். எடுத்த விஷயத்தை லேசில் விடாத மனிதர். நாளிதழ்களும் சேர்ந்துகொண்டன. நவம்பரில் அதே ஜேர்னல் மறுபடியும் எழுதியது.

அடி விழுந்தது விடுதிக்காரர்களின் முதுகில் மட்டுமல்ல. தாதியராகவும் மருத்துவிச்சிகளாகவும் பயிற்சி பெற்று, டொக்டர் சொன்னபடி நோயாளிகளின் கைகால்களை நீவிவிட்டுப் பிழைத்த பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 'நான் மசாஜ் செய்கிறேன்' என்று இனி எந்த வாயால் சொல்வது? விக்டோரியா காலத்து லண்டனில் தனியாகச் சம்பாதிக்கிற பெண்ணுக்குப் பெயர் கெட்டால் வேலையும் போகும், வாடகை அறையும் போகும்.

அப்படித்தான் நான்கு பெண்கள் கூடினார்கள். லூசி ரொபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பாமர். இவர்களில் பேஜெட் பெரிய ஆள். மருத்துவிச்சிகளுக்குச் சட்ட அங்கீகாரம் வாங்கித் தரப் போராடி, 1902இல் அதற்கான சட்டம் வரும்வரை ஓயாதவர். அந்த வருஷக் கடைசியில் 'பயிற்சி பெற்ற மசாஜ் பெண்கள் சங்கம்' பிறந்தது. இன்றைய பிரித்தானிய பிசியோதெரபிஸ்டுகளின் பட்டயச் சங்கத்துக்கு அதுதான் தாய்.

சங்கத்தின் முதல் வேலை நான்கு விதிகள் எழுதியது. டொக்டரின் பணிப்பு இல்லாமல் மசாஜ் செய்யக்கூடாது. ஆண்களுக்குப் பொதுவான மசாஜ் கிடையாது; அவசரமான நோயாளியாக இருந்து டொக்டர் விசேஷமாகக் கேட்டால் மட்டும் செய்யலாம். வைத்தியப் பத்திரிகைகளைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக்கூடாது. நோயாளிகளுக்கு மருந்து விற்கக்கூடாது.

இவற்றை இன்று படித்தால் பயந்துபோனவர்கள் எழுதியது போலத் தெரியும். பயந்துதான் இருந்தார்கள். ஆனால் கணக்குத் தெரிந்தவர்கள். முதல் விதியில் தங்கள் சுதந்திரத்தை டொக்டர்மாரிடம் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நோயாளிகளையும் நற்பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் கொடுத்ததைத் திருப்பி வாங்க எண்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சஞ்சிகைக்கு வித்து மூன்றாவது விதியில் இருக்கிறது. விடுதிகள் ஆள் பிடித்ததே நாளிதழ் விளம்பரத்தால். ஆகவே நல்ல பெண் விளம்பரம் செய்யமாட்டாள் என்று கோடு கிழித்தார்கள். சரி, விளம்பரம் இல்லாமல் ஒரு டொக்டர் நல்ல பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பார்? யார் பரீட்சையில் சித்தியடைந்தவர், யார் சங்கத்தில் இருக்கிறார் என்று எங்கே பார்ப்பார்? நம்பிக்கையான ஏதாவதொரு தாளில் அச்சாகவேண்டும். சொந்தத் தாள் நடத்தப் பணம் இல்லை. மருத்துவிச்சிகளின் அமைப்பு 1887 முதல் 'நர்சிங் நோட்ஸ்' என்ற பத்திரிகையை நடத்தி வந்தது. பேஜெட் அந்த வட்டாரத்து ஆள்தான். பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் குந்திக்கொள்கிற மாதிரி சங்கத்தின் அறிவித்தல்கள் அந்தப் பத்திரிகையில் இடம் பிடித்துக்கொண்டன. இருபது வருஷம் அப்படியே ஓடியது.

இதற்குள் 1895இல் முதல் பரீட்சை வைத்தார்கள். 1900இல் சங்கம் சட்டப்படி பதிவானது. சுவீடனில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியின் முறைகளும் பாடத்தில் சேர்ந்தன. மார்கரெட் பாமர் மசாஜ் பாடநூல் ஒன்றை எழுதினார். இதெல்லாம் மெதுவாக நடந்த காரியங்கள். வேகம் கூட்டியது யுத்தம்.

1914 ஓகஸ்டில் முதலாம் உலக யுத்தம் வெடித்தது. அல்மெரிக் பேஜெட் என்ற செல்வந்தரும் மனைவியும் இராணுவ வைத்தியசாலைகளுக்கு 50 மசாஜ் பெண்களைத் திரட்டிக் கொடுத்தார்கள். ஐம்பது எந்த மூலைக்கு? குண்டு துளைத்து நரம்பு அறுந்த கைகள், மாவுக்கட்டுக்குள் மாதக்கணக்கில் கிடந்து மரத்துப்போன முழங்கால்கள், துண்டித்த கால்கள் என்று கப்பல் கப்பலாக வந்தன. எலும்பைச் சேர்க்கிற வேலை சத்திரசிகிச்சை நிபுணருடையது. சேர்ந்த பிறகு அந்த விரலை மடங்கவைக்கிற வேலை, நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம், இந்தப் பெண்களுடையது. ஆண்களைத் தொடாதே என்று விதி எழுதிய சங்கம் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் தொடையையும் தோளையும் பிடித்துவிட ஆளனுப்பிக்கொண்டிருந்தது. அந்த விதியைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

அந்த நெருக்கடிக்குள், 1915இல், சங்கம் தன் சொந்தச் சஞ்சிகையை வெளியிட்டது. பிரான்சில் ஒருத்தி, எடின்பரோவில் ஒருத்தி என்று சிதறிக் கிடந்தவர்களுக்குச் சங்கம் என்றால் இனி அந்தத் தாள்தான். பரீட்சைச் செய்தி, சங்க அறிவித்தல், வேலை விபரம், டொக்டர்மாரின் விரிவுரைகள். இந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். ஆரம்ப காலத்தில் அறிவு என்று அச்சானதில் பெரும்பகுதி டொக்டர்மார் பேசியது. கையால் வேலை செய்தவர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சொந்தச் சஞ்சிகை கிடைத்த மறுநாளே சொந்தக் குரலும் வந்துவிடுவதில்லை.

அதே 1915இல் இன்னொரு காரியமும் நடந்தது. ஆர்தர் பியர்சன் என்ற பத்திரிகை முதலாளி, 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழைத் தொடங்கியவர், கண்ணழுத்த நோயால் பார்வையை இழந்திருந்தார். யுத்தத்தில் கண் போன சிப்பாய்களுக்காக லண்டனில் சென் டன்ஸ்டன்ஸ் நிலையத்தை அவர்தான் நிறுவினார். அங்கே கற்றுக்கொடுத்த தொழில்களில் ஒன்று மசாஜ். கண் தெரியாதவனின் விரல் தசையில் இருக்கும் முடிச்சைச் சுலபமாகக் கண்டுபிடிக்கும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்குச் சலுகைப் பத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. சங்கத்தின் பரீட்சைக்கே அமர்ந்து சித்தியடைந்தார்கள். இந்தத் தொழிலின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பத்திரிகையில் அடிபட்டு எழுந்த ஒரு தொழிலுக்கு, பத்திரிகை நடத்தியே பணக்காரரான ஒருவர் கண்பார்வையற்ற பிள்ளைகளை அனுப்பிவைத்தார்.

1916இல் மேரி மகாராணி சங்கத்தின் புரவலரானார். 1920இல் மான்செஸ்டரில் இயங்கிய இன்னொரு சங்கத்தோடு இணைந்து, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் பட்டயமும் கிடைத்தது. ஆண்களும் உறுப்பினரானார்கள். விபசார விடுதி என்று பேச்சு வாங்கியதிலிருந்து அரண்மனைப் பட்டயம் வரை 26 வருஷம்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கதை வேறு தினுசு. மேரி மக்மிலன் அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்து, லிவர்பூலில் இந்தத் தொழிலைக் கற்றவர். யுத்த காலத்தில் அமெரிக்கா திரும்பி, இராணுவத்துக்காகப் பெண்களைப் பயிற்றுவித்தார். 1921 ஜனவரியில் நியூயோர்க்கின் கீன்ஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் முப்பது பெண்கள் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். தொடக்க உறுப்பினர்கள் 274 பேர். மார்ச் மாதமே 'பி. டி. ரிவியூ' என்ற சஞ்சிகையின் முதல் இதழ் வெளிவந்துவிட்டது. லண்டன்காரர்கள் இருபது வருஷம் இரவல் பக்கத்தில் இருந்தார்கள். இவர்கள் இரண்டு மாதத்தில் அச்சுக்குப் போனார்கள். மக்மிலன் பிறகு சீனாவில் பீக்கிங் வைத்தியக் கல்லூரியில் கற்பித்து, இரண்டாம் யுத்தத்தில் மணிலாவில் ஜப்பானியரிடம் கைதியாகி, முகாமுக்குள்ளும் நோயாளிகளைப் பார்த்தவர். அவரைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். அந்தச் சஞ்சிகை பல பெயர் மாறி இன்றும் வருகிறது.

லண்டன் சங்கம் 1944இல் இப்போதைய பெயருக்கு மாறியது. 1948இல் சஞ்சிகையும் 'பிசியோதெரபி' ஆனது. அந்த வருஷம் பிரித்தானியாவில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தரும் தேசியச் சுகாதார சேவை தொடங்கியது. 1948 என்றதும் இங்கே நமக்கு ஞாபகம் வருவது வேறு. அந்த நாட்டுத் தொழிலாளிக்கு வைத்தியம் உரிமையான அதே வருஷத்தில், அந்த நாட்டுக்குத் தேயிலை பறித்து அனுப்பிய நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை போனது.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் முறையான படிப்பாக வர இளம்பிள்ளை வாதம் ஒரு காரணம். 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் கே. ஈ. எம். வைத்தியசாலையில் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது. 1955இல் இந்திய பிசியோதெரபிஸ்டுகள் சங்கம் உருவானது. அவர்களுடைய சஞ்சிகையின் பெயரும் 'பிசியோதெரபி'தான். சங்கத்தின் பெயரை அதோடு ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

பம்பாயைவிட வேலூர் நமக்கு உறவு. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் புறப்பட்ட மண்ணுக்குப் பக்கம். அங்கே கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் டொக்டர் போல் பிராண்ட் 1940களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கினார். முன்கையிலிருக்கும் நல்ல தசைநார் ஒன்றை எடுத்து விரலோடு இணைப்பது முறை. இணைத்தால் மட்டும் விரல் வேலை செய்யாது. இதுவரை மணிக்கட்டை இழுத்த தசை, இனி விரலை இழுக்கவேண்டும் என்று மூளைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒரு பிடி மெழுகையோ களிமண்ணையோ அமுக்கவைத்து, தப்பான தசை இழுத்தால் தட்டி நிறுத்தி, சரியானது இழுத்தால் பிடித்துவைத்துப் பழக்குகிற வேலை அது. சீனாவிலிருந்து வந்துசேர்ந்த ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் அந்த வேலைக்குத் தோள்கொடுத்தார். பிராண்ட் 1952இல் லண்டன் ரோயல் சத்திரசிகிச்சைக் கல்லூரியில் உரையாற்ற, அது கல்லூரியின் ஏட்டில் அச்சாகி உலகம் அறிந்தது. பிராண்டின் பெருமையில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் தசையைப் பழக்கிய கைகளின் பெயர் அவ்வளவு தூரம் போகவில்லை. பிசியோதெரபிச் சங்கங்கள் தங்களுக்கென்று ஒரு சஞ்சிகையைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டதன் நியாயம் இங்கேதான் புரிகிறது. செய்தவர் தன் பெயரில் எழுத ஓர் இடம் வேண்டும்.

இனி அந்த முதல் விதிக்கு வருவோம். டொக்டரின் பணிப்பு இல்லாமல் தொடாதே என்று 1890களில் தாங்களே எழுதிக்கொண்ட விதி. 1977இல் பிரித்தானிய சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கை விட்டது. நோயாளியை அனுப்புவது டொக்டராக இருந்தாலும், என்ன சிகிச்சை, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. உரிமை வந்தால் கூடவே கேள்வியும் வரும். 'டொக்டர் சொன்னார், செய்தேன்' என்று இனிச் சொல்லமுடியாது. நீ செய்வது பலன் தருகிறதா, அத்தாட்சி எங்கே?

இந்தக் கேள்வி சஞ்சிகைகளின் முகத்தையே மாற்றியது. சங்கச் செய்தியும் வேலை விளம்பரமும் தனி இதழ்களுக்குப் போயின. ஜேர்னல் ஆராய்ச்சிக்கென்று ஒதுங்கியது. லண்டன் ஜேர்னல் இன்று எல்ஸ்வியர் நிறுவனத்தின் வெளியீடாகக் காலாண்டுக்கு ஒருமுறை வருகிறது. 1999இல் சிட்னியில் 'பெட்ரோ' என்ற தரவுத்தளத்தைத் தொடங்கி, உலகமெங்கும் நடக்கும் பிசியோதெரபிப் பரிசோதனைகளைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தரப்புள்ளி போட ஆரம்பித்தார்கள்.

சொந்த ஆயுதங்களையே சந்தேகப்பட்டார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வலிக்கிற இடத்தில் ஜெல் பூசி, சின்ன உருளை போன்ற ஒன்றால் தேய்ப்பார்களே, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை. பிசியோதெரபி அறைகளில் பல பத்தாண்டாக ராஜாவாக இருந்த இயந்திரம். 2001இல் அமெரிக்கச் சங்கத்தின் ஜேர்னலில் வல்மா ரொபர்ட்சன், கெரி பேக்கர் இருவரும் அதைப் பற்றிய 35 பரிசோதனைகளைப் பரிசீலித்தார்கள். முறையாக நடந்தவை என்று தேறியது பத்து. அந்தப் பத்தில் எட்டு, இயந்திரத்தைப் போடாமல் போட்டதாகப் பாவனை செய்ததைவிடப் பெரிய பலன் எதையும் காட்டவில்லை. தங்கள் ஆட்கள் தினமும் காசு வாங்கிச் செய்கிற ஒரு சிகிச்சையைப் பற்றித் தங்கள் சங்கத்தின் ஏட்டிலேயே இப்படி அச்சிடுவதற்குத் துணிச்சல் வேண்டும். 1894இல் வெளியார் எழுதித் தலைகுனிந்த தொழில், இப்போது தன் கையாலேயே எழுதிக்கொண்டது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு தம்பியிடம் ஒரு விஷயம் பேசவேண்டும். முதுகுவலி பற்றி நீங்கள் கட்டாயம் படித்திருக்கக்கூடிய ஆய்வு ஒன்று 1995இல் நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசினில் வந்தது. ஹெல்சிங்கி மாநகர ஊழியர்கள் 186 பேர். சிலரைப் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னார்கள், சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களை வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருக்கச் சொன்னார்கள். வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். அன்றிலிருந்து முதுகுவலிக்காரரைப் படுக்கவைக்காதீர்கள் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட பாடமாகிவிட்டது. சரியான பாடம்தான்.

ஆனால் ஹோல்புரூக்கிலோ டொரிங்டனிலோ ஓர் அக்காவுக்கு வழக்கமான வேலை என்ன? காலையில் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறினால், கூடையின் கயிறு உச்சந்தலையில். பாரம் முழுக்க முதுகில் தொங்கினாலும் அதை இழுத்துப் பிடிப்பது கழுத்து. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இரண்டு கையும் முன்னால் நீண்டு கொழுந்தைக் கிள்ளிப் பின்னால் எறியும். மழை பெய்தால் கொழுந்தின் பாரமும் கூடும், இடுப்பில் கட்டிய படங்கின் பாரமும் கூடும். நாளுக்கு இரண்டு மூன்று நிறுவை. பல தோட்டங்களில் 18 கிலோ வந்தால்தான் முழுப் பேர். வருஷக்கணக்கில் கயிறு அழுந்தி முடி உதிர்ந்துபோன உச்சியை நம் வீட்டுப் பெண்களிடம் பார்க்காதவர் இங்கே யார்? இந்தக் கழுத்துக்கு 'வழக்கமான வேலையைச் செய்' என்று எழுதிக்கொடுத்தால் என்ன அர்த்தம்? ஹெல்சிங்கி முடிவு பிழையில்லை. அதில் ஹெல்சிங்கி ஊழியரின் முதுகு இருந்தது, கூடை இருக்கவில்லை, அவ்வளவுதான்.

தேயிலைத் தொழிலாளரின் தசை, மூட்டு வலி பற்றி அசாமிலும் இலங்கையிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஜேர்னல்களில் வந்தும் இருக்கின்றன. பெரும்பாலும் எத்தனை பேருக்கு எங்கே வலிக்கிறது என்ற கணக்கெடுப்புகள். கணக்கு வேண்டும். அதற்கு மேல் கூடைக் கயிற்றை எப்படி மாற்றிக் கட்டினால் கழுத்து தப்பும், நிறுவைக்கு நிறுவை எவ்வளவு நேரம் கூடையை இறக்கிவைத்தால் போதும் என்று பார்க்கிற பரிசோதனை, மலையில் நின்று வேலை செய்தவர் அல்லது அவருடைய பிள்ளை சேர்ந்து செய்யவேண்டிய காரியம். வெளியிலிருந்து வருபவர் கூடையின் பாரத்தை நிறுப்பார். இறக்கிவைத்தால் கணக்கப்பிள்ளை என்ன சொல்வார் என்பது அவருக்குத் தெரியாது. அதை எழுதி அச்சுக்கு அனுப்ப வாசல் திறந்துதான் இருக்கிறது. நான்கு பெண்கள் எழுதிய விதிகளில் எதுவும் இப்போது அதை மறிக்கவில்லை. மறிப்பது ஆங்கிலமும் பஸ் செலவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு முறையாகத் தொடங்கியது 1957இல், கொழும்பு பெரியாஸ்பத்திரிப் பள்ளியில். பேராதனையிலும் கொழும்பிலும் பட்டப்படிப்பு வந்தது இந்த நூற்றாண்டில்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பிசியோதெரபி என்று துண்டு எழுதிக் கொடுத்தால் அக்கரப்பத்தனை ஆட்கள் எங்கே போனார்கள், எத்தனை பஸ் ஏறினார்கள், எத்தனை நாள் பேர் இழந்தார்கள் என்பது அடுத்த அத்தியாயம்.